சர்வஜனமும் தோட்டத்துச் சனமும்

ஆங்கிலத்தில் 'ஜெனரல்' என்றொரு சொல் உண்டு. 'யூனிவர்சல்' என்றொரு சொல்லும் உண்டு. தமிழில் இரண்டையும் 'பொது' என்றே பல வேளைகளில் நாம் பெயர்த்து விடுகிறோம். ஆயினும் அவை ஒன்றல்ல. முன்னது பெரும்பாலோர்க்குப் பொருந்துவது, விலக்குக்கு இடந்தருவது. பின்னதோ ஒருவரையும் விடாது அனைவரையும் தழுவுவது. ஒரே ஒரு விலக்கு நேரினும் பொய்த்துப் போவது. இவ்வேறுபாடு அகராதியோடு முடிந்துவிடுவதன்று. இலங்கை மலையகத்தின் வரலாறே இதற்குச் சான்று.

டொனமூர் ஆணைக்குழு 1928இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாக 1931இல், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்குமுன் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்காளராயிருந்தனர். ஆதலால் இது மாபெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. 'யூனிவர்சல்' என்ற சொல்லைச் 'சர்வஜன' என்று தமிழாக்கி நாமும் போற்றினோம். ஆனால், ராகலை போன்ற இடங்களின் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர் அந்தச் சர்வஜனத்துள் தாமாக அடங்கிவிடவில்லை. கொழுந்து பறிக்க வேண்டப்படாத வதிவிடச் சான்று, வாக்களிக்க வேண்டப்பட்டது.

இத்தடையையும் கடந்து பதிவு பெற்றோர் தம் வலிமையைக் காட்டினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் ஸி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை அற்றோரின் வாக்கைப் பறித்தது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓரிடமும் கிட்டவில்லை. சர்வஜன வாக்குரிமை என்ற பெயர் மாத்திரம் மாறாது நின்றது!

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 150,000 பேரைப் பின்னர் தீர்க்கவென ஒதுக்கிவைத்தது. நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஒரு சொல் தன் பொருளை நெருங்குவதற்கு எழுபத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனின்று கற்க வேண்டியது ஒன்றுண்டு. 'அனைவருக்கும்' என்று தொடங்கும் எந்தச் சட்டத்தையும் பாடத்தையும் படிக்கும்போது, 'இதனுள் அடங்காதவர் யார்?' என்று வினவுவோம். அவ்வினாவுக்கு விடையாக ஒருவரும் எஞ்சாத நாளிலன்றோ அச்சொல் மெய்யாகும்!