பேஸ் கிட்டார் ஒலிபெருக்கலும் ஒலிப்பதிவும்: தில்லியில் சிக்கனத் தேர்வு

பேஸ் கிட்டார், சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்படும் மின்கருவி. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அதன் ஒலி வாசிப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதனால் கருவியை வாங்கும்போதே அதை ஒலிக்க வைக்கும் சாதனத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் வீட்டில் பழகி, கல்லூரி விழா, தேவாலயம், மெல்லிசை மேடை ஆகியவற்றில் எப்போதாவது வாசிப்பவருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுவதில்லை. தில்லியில் அத்தகையவரின் தேர்வைத் தீர்மானிப்பவை நான்கு: தாழ்ந்த ஒலியின் இயல்பு, நெருக்கமான குடியிருப்பு, மின்சாரத்தின் தரம், நகரத்தில் கிடைக்கும் வாடகை வசதி.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

நான்கு தந்தி பேஸின் தந்திகள் ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. அவற்றின் அதிர்வெண்கள் முறையே ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திக் கருவியின் கடைசித் தந்தி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இந்தப் பகுதியில் மனிதச் செவியின் கூர்மை குறைவு. செவியின் உணர்திறன் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதை ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். தாழ்ந்த சுரம் நடுத்தரச் சுரத்துக்கு இணையாகக் கேட்க வேண்டுமானால் பல மடங்கு ஆற்றல் செலவாகும். கிட்டாருக்கு 20 வாட் போதும் என்ற இடத்தில் பேஸுக்கு 100 வாட் கேட்பதன் காரணம் இதுவே.

வாட் எண்ணிக்கை இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை. 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 25 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைவிட ஸ்பீக்கரின் விட்டமும் பெட்டியின் அமைப்பும் முக்கியம். தாழ்ந்த சுரத்துக்கு ஸ்பீக்கர் கூம்பு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கர் பழகுவதற்கு ஏற்றது. 10, 12 அங்குல ஸ்பீக்கர்கள் சுரத்தின் அடித்தளத்தைத் தெளிவாகத் தருகின்றன. கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயரில் பேஸை மெல்ல வாசிக்கலாம்; ஓசையைக் கூட்டினால் அதன் கூம்பு அளவுக்கு மீறி ஆடிச் சேதமடையக்கூடும். கீபோர்டுக்கான ஆம்ப்ளிஃபயரும் தரமான பவர்டு ஸ்பீக்கரும் பேஸைத் தாங்கும்.

வரலாறு

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் சந்தைக்கு வந்தது. அதற்கென்றே அமைக்கப்பட்ட பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் அடுத்த ஆண்டு வந்தது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்விடி ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியோடு அது பெரிய மேடைகளின் அடையாளமாயிற்று. அதே 1960களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் ஒலிக்கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே கருவியை நேரடியாகக் கலவைப் பலகையில் இணைத்துப் புகழ்பெற்ற பதிவுகளைச் செய்தார். எளிய செலவில் இன்று வீட்டில் செய்யப்படும் பேஸ் பதிவு அந்த முறையின் தொடர்ச்சியே.

எளிய வசதியோடு இயங்குவதற்குத் தில்லியில் நெருங்கிய எடுத்துக்காட்டு இந்தியன் ஓஷன் குழு. 1990இல் தொடங்கிய இக்குழுவில் ராகுல் ராம் பேஸ் வாசிப்பவர். பெரிய ஒலிக்கூடத்தை அல்ல, கரோல் பாக் பகுதியின் பழைய வீடு ஒன்றைக் குழு நெடுங்காலம் பயிற்சி இடமாகக் கொண்டிருந்தது. அந்த வீட்டு முகவரியான ‘16/330 கஜூர் ரோடு’ என்பதையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பு 2010இல் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. தமிழ்த் திரையிசையிலும் பேஸுக்கு உறுதியான இடம் உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடைபோடுகிறது, ஏ.ஆர். ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பு நன்கு அறியப்பட்டது. இவற்றைக் கேட்டு வளர்ந்த தில்லித் தமிழ் இளைஞர் பேஸ் பழகத் தொடங்கும்போது முதலில் எதிர்கொள்வது அடுக்கக வாழ்க்கையின் இடநெருக்கடி.

குடியிருப்பும் சட்டமும்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இந்த அளவுகள், செவியின் உணர்திறனை ஒட்டித் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் ‘ஏ’ எடையிடலில் அளக்கப்படுபவை. 40 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து இந்த முறை ஏறத்தாழ 35 டெசிபலைக் கழித்துவிடுகிறது. அளவுமானி வரம்புக்குள் இருப்பதாகக் காட்டும்போதும் கீழ்வீட்டின் கூரையிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலும் அதிர்வு உணரப்படலாம். காரணம், உயர்ந்த ஒலியைவிடத் தாழ்ந்த ஒலி கட்டடத்தின் வழியே எளிதாகப் பரவுகிறது. ஆம்ப்ளிஃபயரை நேராகத் தரையில் வைக்காமல் தடித்த நுரைமெத்தை அல்லது ரப்பர் பாளத்தின் மேல் வைத்தால் இந்த அதிர்வு ஓரளவு குறையும். சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைத் தகடுகள் உயர்ந்த ஒலியை மட்டுமே உறிஞ்சும். பேஸை அவை தடுப்பதில்லை.

அறையின் அளவும் ஒலியை மாற்றுகிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். 10 அடிக்கு 12 அடி அறையில், 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி நின்று முழங்கும். 12 அடி இடைவெளியில் அது 47 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். அதனால் திறந்த ஏ தந்தி அறையின் ஒரு மூலையில் இடிபோல ஒலிக்கும். நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். கருவியில் குறையென எண்ணிப் புதியது வாங்குவதற்குமுன் ஆம்ப்ளிஃபயரை மூலையிலிருந்து நகர்த்திப் பார்ப்பது செலவில்லாத தீர்வு.

மின்சாரம்

இந்திய வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் செருகினால் அது எரிந்துபோகும். மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸிலும் எழுகிறது. பேஸின் ஜி சுரங்கள் 49, 98 ஹெர்ட்ஸ். ஆகவே ஜி சுரத்தைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஓயாமல் முனகல் கேட்டால் அது மின்சாரத்தின் கோளாறு எனச் செவியாலேயே அறியலாம். நில இணைப்பு சரியில்லாமை, தரமற்ற கேபிள், மின்வெட்டின்போது ஓடும் சதுர அலை இன்வெர்ட்டர் ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். சைன் அலை இன்வெர்ட்டரில் இரைச்சல் குறைவு. இரைச்சலைத் தவிர்ப்பதற்காக மூன்று முனைப் பிளக்கின் நிலமுனையை அகற்றுவது உயிருக்கு ஆபத்து. உலோகத் தந்திகள் வாசிப்பவரின் விரலில் இருக்கின்றன.

ஆம்ப்ளிஃபயர் வகைகள்

முதல் வகை, கருவியின் ஜாக்கில் நேரே செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். வாக்ஸ் ஆம்பிளக் இதில் பரவலாக அறியப்பட்டது. விலை குறைவு, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லை, இரவிலும் பழகலாம். இதற்குக் கம்பியுள்ள, காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோன் வேண்டும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் ஒலியைத் தாமதித்துத் தருவதால் தாளம் பிடிபடாது.

இரண்டாவது, வீட்டுப் பயிற்சிக்கான 15 முதல் 30 வாட் ஆம்ப்ளிஃபயர். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்சு கிரஷ் பேஸ் 25, லேனி ஆர்பி1 ஆகியவை 8 அங்குல ஸ்பீக்கர் கொண்டவை. ஹெட்ஃபோன் துளையும், கைபேசிப் பாடலோடு சேர்ந்து வாசிக்க உதவும் துணை உள்ளீடும் இருப்பவற்றைத் தேர்வது நல்லது.

மூன்றாவது, சிறு குழுவுக்கான 40 முதல் 100 வாட் ஆம்ப்ளிஃபயர். ரம்பிள் 40இல் 10 அங்குல ஸ்பீக்கரும் மேடை ஒலியமைப்புக்கு நேரே இணைக்கும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும் உள்ளன. ரம்பிள் 100இல் 12 அங்குல ஸ்பீக்கர். இவற்றின் எடை 10 கிலோ அளவிலேயே நிற்கிறது; மாடிப்படி ஏறுவதற்கும் ஆட்டோவில் வைப்பதற்கும் அது பெரிய வசதி. கஹோன், தபலா, மெல்ல வாசிக்கும் டிரம்ஸ் ஆகியவற்றோடு இவை ஈடுகொடுக்கும். முழு வலுவோடு வாசிக்கும் டிரம்ஸுக்கு 200 வாட்டும் அதற்கு மேலும் தேவை. அவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் எப்போதாவது வாசிப்பவரின் வீட்டில் பெரும்பாலான நாள் தூசியே சேர்க்கும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சிக்கூடங்களில் அது ஏற்கெனவே இருப்பதால் வாங்குவதைவிட வாடகையே சிக்கனம்.

மேடையும் டிஐ பெட்டியும்

தேவாலயத்திலும் கல்லூரி அரங்கிலும் பொது ஒலியமைப்பு முன்னரே இருக்கும். அங்கு பேஸ் வாசிப்பவர் கையில் கொண்டுசெல்ல வேண்டியது டிஐ பெட்டி. கிட்டாரின் மெல்லிய, உயர் மின்தடைச் சமிக்ஞையை நீண்ட கேபிளில் இரைச்சலின்றிச் செல்லும் சமநிலைச் சமிக்ஞையாக அது மாற்றுகிறது. பிரீஆம்ப்ளிஃபயரும் உடன் அமைந்த பெட்டி, பேட்டரியிலோ கலவைப் பலகை தரும் 48 வோல்ட் மின்சாரத்திலோ இயங்கும். தொனியையும் அதிலேயே சரிசெய்யலாம். பேச்சுக்கென அமைந்த கம்ப வடிவ ஸ்பீக்கர்கள் மட்டும் உள்ள அரங்கில் அடிச்சுரம் கேட்காது. அங்கு நடுத்தர அதிர்வெண்ணைச் சற்றுக் கூட்டினால் சுரம் துலங்கும். தாழ்ந்த ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் உளறும்.

ஒலிப்பதிவு

வீட்டுப் பதிவுக்கு மையமானது யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். பெரிங்கர் யுஎம்2 விலை குறைந்த தொடக்கம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ அதற்கு மேற்பட்ட படி. வாங்குமுன் கவனிக்க வேண்டியது கருவிக்கென்றே அமைந்த உள்ளீடு. சாதாரண கிட்டார் பிக்கப்புக்கு ஏறத்தாழ 1 மெகாஓம் மின்தடை எதிரே இருக்க வேண்டும். லேப்டாப்பின் மைக் துளையில் நேரே செருகினால் மேல்சுரங்கள் மங்கி, பேஸ் மூடிய பானைக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு ஒலியளவை அமைப்பது பாதுகாப்பானது. இந்தத் தரத்தில் ஒரு நிமிட ஒற்றைத் தடப் பதிவுக்கு 9 மெகாபைட்டுக்கும் குறைவான இடமே தேவை. இடைநினைவு (பஃபர்) 128 மாதிரிகள் என்றால் அதனால் நேரும் தாமதம் ஒரு வழியில் 2.7 மில்லிநொடி, இது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஒப்பு. போகவரச் சேரும் மொத்தத் தாமதம் இதைவிடக் கூடும். தாமதம் மிகுந்தால் இன்டர்ஃபேஸின் நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்தலாம்.

மென்பொருளுக்குச் செலவு மிகக் குறைவு. ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பரை 60 நாள் சோதித்துப் பின் உரிமம் வாங்கலாம். பேஸை எந்த அலங்காரமுமின்றி நேரடியாகப் பதிந்து, ஆம்ப்ளிஃபயரின் தொனியைப் பின்னர் மென்பொருளில் சேர்ப்பது சிறந்த முறை. நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் அதற்கு உள்ளன. ஒலிவாங்கியும் அறைச் சீரமைப்பும் இதனால் தேவைப்படுவதில்லை.

பெரும்பாலானோர் பாடலைக் கைபேசியில் கேட்கின்றனர். அதன் சிறு ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை எழுப்பாது. ஆனால் அதற்கு மேலே உள்ள மேற்சுரங்களைக் கொண்டே மூளை அடிச்சுரத்தை உணர்ந்துகொள்கிறது. ஆகவே கலவையில் மேற்சுரங்களைக் காப்பது அவசியம். மெல்லிய செறிவூட்டல் (சாச்சுரேஷன்) இதற்கு உதவும்.

வாங்குமிடங்கள்

தில்லியில் இசைக்கருவிக் கடைகள் தரியாகஞ்சின் நேதாஜி சுபாஷ் மார்க்கிலும் நயீ சடக்கிலும் செறிந்துள்ளன. 1865இல் பம்பாயில் தொடங்கிய ஃபர்டாடோஸ் நிறுவனம் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர்களை விற்கிறது. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் மார்க்கெட் ஸ்பீக்கர், ஜாக், கேபிள், உதிரி பாகங்களுக்கு ஏற்றது. லேப்டாப்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நேரு பிளேஸ். கேபிள் ஆயத்தமாகக் கிடைப்பதைவிட, நல்ல ஜாக்கும் கவசமுள்ள கம்பியும் தனித்தனியே வாங்கிச் சொந்தமாகப் பற்றவைத்தால் விலை குறையும், நீண்ட காலம் உழைக்கும்.

பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்குபவர் தம் கருவியோடு சென்று சோதிக்க வேண்டும். ஈ தந்தியை உரக்க வாசிக்கும்போது கூம்பு படபடத்தால் அது கிழிந்திருக்கலாம். குமிழ்களைத் திருப்பும்போது கேட்கும் கரகரப்பு தூசியால் வருவது. துப்புரவாக்கும் திரவத்தால் தீரும். அணைத்த நிலையில் கூம்பை மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால் சுருள் கெட்டுவிட்டது; அதைத் தவிர்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் வெப்பத்தால் வெளிப்படும் கோளாறு தெரியும்.

செலவின் வரிசை

எப்போதாவது வாசிப்பவரின் பணம் முதலில் நல்ல ஹெட்ஃபோனுக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கும் செல்ல வேண்டும். இவ்விரண்டும் பழக்கத்துக்கும் பதிவுக்கும் ஒருசேரப் பயன்படும். அடுத்தது டிஐ பெட்டியும் ஒழுங்கான கேபிளும். இவற்றோடு மேடைக்குச் செல்லலாம். மூன்றாவது, 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கருள்ள 40 முதல் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்; சிறு குழுவோடு வாசிப்பு வழக்கமான பிறகு அதை வாங்கலாம். ஓராண்டுக்கு ஒருமுறை தந்திகளை மாற்றுவதற்கும், ஃபிரெட்டுக்கும் தந்திக்குமான இடைவெளியைச் சரிசெய்வதற்கும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். மங்கிய தந்திகளின் ஒலியை விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயராலும் மீட்க முடியாது.