அடுக்களையில் ஒரு பொந்து

அலமாரிக்கு அளவெடுக்க வந்த ஆசாரி அண்ணாச்சி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். "மைக்ரோவேவுக்கு இந்த இடத்துல ஒரு பொந்து விட்டுருதேன் சார், உள்ள தள்ளி வச்சா சுவரோட சுவரா இருக்கும்" என்றார். அவர் சொன்னது என் கணவரிடம். படத்தில் இருந்த பொந்து தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது. அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த என் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம்.

"ஏட்டி, அது எனக்கு எட்டாதுலா."

"ஸ்டூல் போட்டுக்கலாம் ஆச்சி" என்றார் அண்ணாச்சி.

எழுபது வயதைக் கடந்தவள் ஸ்டூலில் ஏறி, கொதிக்கும் ரசத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டும். அந்தக் காட்சி அங்கே நின்ற இரண்டு ஆண்களுக்கும் தோன்றவில்லை. எனக்கும் உடனே தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். படம் அழகாக இருந்தது. அதில் கரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பெண்ணும் இல்லை.

புளியங்குடியில் நாங்கள் இந்த இடத்தை அடுக்களை என்போம். சிலப்பதிகாரம் அட்டில் என்கிறது. இரண்டுக்கும் வேர் 'அடு'. அடுதல் என்றால் சமைத்தல். கொல்லுதல் என்றும் பொருள் உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், பெண்பிள்ளைகள் சிரிப்பதில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் 167ஆம் பாட்டைக் காலங்காலமாக இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாக நடத்துகிறோம். புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை கண்ணை மூடுகிறது. கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லி உண்டதும் அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனுக்குக் கடைசிச் சோறு ஆக்கும் கண்ணகிக்கும் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. நம் இலக்கியத்தில் அடுப்புப்புகை அழகின் ஒரு கூறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி: வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். எங்கள் ஆச்சிக்கு இருபத்தைந்து வருடம் இருந்த இருமலை யாரும் அடுப்போடு சேர்த்துப் பேசியதில்லை. அது 'ஆச்சி இருமல்'. வீட்டில் கடிகாரம் மாதிரி அதுவும் ஒன்று.

ஆச்சி தரையில் உட்கார்ந்துதான் சமைத்தாள். அம்மி, ஆட்டுரல், அரிவாள்மணை எல்லாம் தரையில் கிடந்தன. கூட இரண்டு பெண்கள் உட்காரவும், வம்பு பேசவும், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளவும் இடம் இருந்தது. இன்றைய மாடுலர் கிச்சனின் மூதாதை வேறு ஊர்க்காரி. 1926இல் ஃபிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது அது. அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள். ஒருத்தி நின்று, அடி எண்ணி நடந்து, சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போவதற்கான சமையலறை. அதை வடிவமைத்த காலத்தில் தனக்குச் சமையலே தெரியாது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அறையில் இரண்டாவது பெண்ணுக்கு இடமில்லை.

தரையிலிருந்து மேடைக்கு எங்கள் வீட்டுச் சமையல் ஏறியது கேஸ் வந்தபோது. அதற்கு முன் கொஞ்ச காலம் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. அம்மா அதைத் தொடவே பயந்தாள். நான் சிறுமியாயிருந்தபோது 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தி செய்தித்தாளில் அடிக்கடி வரும். பம்பு அடிக்கிற ஸ்டவ்கள் ஏன் எப்போதும் புதிதாகக் கல்யாணமான பெண்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெடிக்கின்றன என்று நாட்டின் பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் பின்னால்தான் 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் சேர்ந்தன. சமையலறைக் கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொருட்காட்சியிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் தொடங்குவது வழக்கம். நம் ஊரில் நீதிமன்ற ஆவணங்களிலிருந்தும் தொடங்கலாம்.

கருவி வந்தால் வேலை குறையும் என்பதை முதலில் உரக்கச் சந்தேகித்தவர்களில் ஒருவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். 1983இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே 'அம்மாவுக்குக் கூடுதல் வேலை' என்று பொருள்படும். இரும்பு அடுப்பு வந்தபோது விறகு வெட்டுவது, பிளப்பது, சுமப்பது என்று ஆண்களின் வேலைதான் குறைந்தது. பெண்ணின் வேலை பதார்த்தங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து கூடியது என்பது அவர் வாதம். இதை அப்படியே புளியங்குடிக்குத் தூக்கிவர முடியாது. இங்கே மேற்குமலை அடிவாரத்திலிருந்து விறகுக்கட்டைத் தலையில் சுமந்து வந்தவர்கள் பெண்கள். வாங்க வசதியில்லாத வீடுகளில் எலுமிச்சைத் தோட்டத்துக் கழித்துப்போட்ட முள்ளும் தென்னமட்டையும் சிரட்டையும் பொறுக்கியவர்களும் அவர்களே. அதனால் கேஸ் அடுப்பு இங்கே பெண்ணின் கழுத்திலிருந்து நிஜமாகவே ஒரு சுமையை இறக்கியது. 2006 தேர்தலில் வாக்குறுதியாகி அடுத்த ஆண்டு முதல் தமிழக அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பைக் கேலி செய்தவர்கள் யாரும் விறகு சுமந்தவர்கள் இல்லை.

ஆனால் கிரைண்டர் விஷயத்தில் கோவன் சொன்னது வரிக்கு வரி நடந்தது. அம்மாவின் சிறுவயதில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவது. ஆட்டுரலில் குழவியைச் சுற்றி ஒரு வீட்டுக்கு மாவு ஆட்டுவது அரைநாள் பாடு. வருடத்தில் சில நாள்தான் அதற்கு உடம்பு கொடுக்கும். மற்ற நாளெல்லாம் கம்மங்கஞ்சியும் சோளச்சோறும் பழையதும். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். அது முதலில் ஓட்டல்களுக்குப் போய், பிறகு தெருமுனை மாவுக்கடைகளுக்கு வந்து, கடைசியில் வீட்டுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் இட்லி தினப்படியானது. இட்லி தினப்படியானால் சட்னி தினப்படி; ஒரே சட்னி போதாது; சாம்பார் வேண்டும்; ராத்திரிக்கு அதே மாவில் தோசை. தோசையோ ஒவ்வொன்றாகச் சுடச்சுட வேண்டும். கஞ்சி காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆறியதைக் குடித்தார்கள். கிரைண்டர் காலத்தில் எல்லாரும் சூடாகச் சாப்பிட, சுடுகிறவள் மட்டும் கடைசியில் ஆறியதைச் சாப்பிட்டாள். 2011இல் அரசு இலவச மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தபோது வரிசையில் நின்று வாங்கி வந்த பெண்களின் சந்தோஷம் உண்மையானது. பீடி சுற்றும் பெண்களிடம் கேளுங்கள், அரை மணி நேரம் மிச்சமானால் எத்தனை பீடி என்று விரல்விட்டுச் சொல்வார்கள். மிச்சமான நேரம் இன்னொரு வேலைக்குப் போனது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

மிக்ஸியின் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். பம்பாயில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த ஜெர்மனி பிரான் கம்பெனி மிக்ஸி, நம் ஊர் அரைவைக்குத் தாங்காமல் எரிந்துபோனது. பொறியாளரான அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், வலுவான மோட்டாரோடு வேறொன்றைச் செய்தார். 1963இல் சுமீத் பிறந்த கதை இது. பழச்சாறுக்கு வடிவமைத்த எந்திரத்தில் தேங்காயையும் ஊறிய பருப்பையும் போட்டவள் எரிக்கத்தான் செய்வாள். அந்த எரிதலும் ஓர் ஆராய்ச்சிதான். ஆனால் கண்டுபிடிப்பாளர் பெயர் எழுதும் கட்டத்தில் அதற்கு இடமில்லை.

மைக்ரோவேவின் பிறப்பு பலருக்கும் தெரிந்த கதை. 1945இல் ராடார் எந்திரத்தின் முன் நின்ற அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சரின் பையிலிருந்த சாக்லேட் உருகியது. 1947இல் விற்பனைக்கு வந்தது ஆளுயரம், முந்நூற்று நாற்பது கிலோ. வீட்டு மேடையில் வைக்கிற அளவு 1967இல்தான் வந்தது. எனக்கு இதைவிடச் சுவையானது, பிரிட்டனில் சிந்தியா காக்பர்னும் சூசன் ஓர்ம்ராடும் செய்த ஆய்வு. ஒரே ஒரு கருவியை, மைக்ரோவேவை, வடிவமைப்பு மேசையிலிருந்து தொழிற்சாலை வழியாகக் கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் பின்தொடர்ந்து போய் 1993இல் நூலாக்கினார்கள். வடிவமைத்த பொறியாளர்கள் ஆண்கள். கோத்து முடுக்கியவர்களில் பெண்கள் அதிகம். அதில் என்ன வேகும், எத்தனை நிமிடத்தில் வேகும் என்று சமைத்துப் பார்த்துச் சொன்ன மனையியல் நிபுணர்கள் பெண்கள். அவர்களுடைய அறிவு பொறியாளரின் அறிவுக்கு ஒரு படி கீழேயே வைக்கப்பட்டது. கடையில் முதலில் டிவி, பாட்டுப்பெட்டி வரிசையில், அதாவது ஆண்கள் ஆசையோடு வந்து பார்க்கும் பக்கத்தில், அது நின்றது. பழகிப்போனதும் ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் எந்திரம் இருக்கும் பெண்கள் பக்கத்துக்குத் தள்ளினார்கள்.

இதை நான் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் கடைக்குப் போனபோது நடந்ததைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. விற்பனைப் பையன் ஆட்டோ குக் மெனுவை என்னிடம் விளக்கினான். வாட், வோல்ட்டேஜ், வாரண்டியை என் கணவரிடம் விளக்கினான். எத்தனை ஆம்பியர் பிளக் வேண்டும் என்று கேட்டவள் நான். பதினாறு என்று பதில் போனது அவருக்கு. அவரும் தலையாட்டினார்.

பொந்துக்குள் பொருத்துவதற்கென்றே செய்த மைக்ரோவேவுக்கு அறுபது சென்டிமீட்டர் அகல அலமாரி வேண்டும், காற்றுப்போக வழி வேண்டும், சுற்றிலும் சட்டம் வேண்டும். சாதாரணமாக மேடையில் வைப்பதை அப்படிப் பெட்டிக்குள் அடைத்தால் சூடு வெளியேறாமல் கெட்டுப்போகும். விலை வித்தியாசம் அதிகம். உள்ளே நடக்கும் காரியம் ஒன்றுதான். பழுதானால் ஆசாரியையும் மெக்கானிக்கையும் ஒரே நாளில் வரவழைக்க வேண்டும். கதவு மேலிருந்து கீழே இறங்குமா, பக்கவாட்டில் திறக்குமா என்பது முக்கியம். பெரும்பாலும் இடப்பக்கம்தான் திறக்கும். எனவே அது இடது சுவரோடு ஒட்டியிருந்தால் பாத்திரத்தை எடுக்க இடிக்கும். ஆசாரியின் படத்தில் இடது சுவரோடு ஒட்டித்தான் இருந்தது.

இதற்கு மேல் இன்னொரு கணக்கும் இருந்தது. சீர்வரிசையில் பித்தளை அண்டா போய் கிரைண்டர் வந்து, ஃபிரிட்ஜ் வந்து, இப்போது மைக்ரோவேவும் வருகிறது. எவ்வளவு கேடான வழக்கமானாலும், அந்தச் சாமான்கள் பெண்ணுடையவை. பிரிந்து வரும்போது திருப்பிக் கேட்கலாம், வாங்கித் தரச் சட்டமும் உண்டு. சுவருக்குள் பொருத்தியது வீட்டோடு போகும். வீடு யார் பெயரில்? 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. நாடு முழுக்க அது வர 2005 ஆனது. படித்தவள், இதை மேடையில் பேசுகிறவள் நான். இந்த வீட்டுக்கடன் என் சம்பளத்தில் பிடித்தமாகிறது. பத்திரத்தில் இருப்பது அவர் பெயர் மட்டும். "கையெழுத்துக்கு நீ லீவு போடணும்லா" என்று அன்றைக்குச் சொன்னார்; நானும் சரி என்றேன். எனக்கு அன்று தேர்வுத்தாள் திருத்தும் பணி இருந்தது. அந்தப் பத்திரத்தை மாற்ற வேண்டும் என்று மைக்ரோவேவ் வாங்கப் போன வாரத்தில்தான் வாய்விட்டுக் கேட்டேன். பேச்சு நடக்கிறது. நீளமாகவே நடக்கிறது.

இனி அம்மா. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வேட்டை முடித்த வருடங்களில் என் பிள்ளைக்கும் எனக்கும் சோறாக்கியவள் அவள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் பற்றி நான் கட்டுரை எழுதியதும் அம்மா மூலையிலிருந்து நீட்டிய காபியைக் குடித்துக்கொண்டுதான். மதியம் எல்லாருக்கும் போட்டுவிட்டு இரண்டரை மணிக்கு மேல் ஆறிப்போன சோற்றில் மிச்சக் குழம்பை ஊற்றிக்கொள்வாள். சூடு பண்ணிக்கொள் என்றால் "எனக்கு ஒருத்திக்காக கேஸை எரிக்கணுமாக்கும்" என்பாள். இந்தக் கருவி எங்கள் வீட்டில் யாருக்காவது வேண்டுமென்றால் அது அவளுக்குத்தான் என்று எனக்கு மெதுவாகத்தான் பட்டது.

சட்டம் வைத்த மாடலை வேண்டாம் என்றுவிட்டேன். மேடையில் வைக்கும் சாதாரணமானது, இருபத்து மூன்று லிட்டர். பின்பக்கமும் மேலேயும் கையேடு சொன்ன இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் திறந்த ஒரு தட்டு. ஆசாரி அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "ஃபினிஷிங் வராது டீச்சர்" என்றார். அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த இடத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். போட்டார். தட்டு அந்தக் கோட்டில் வந்தது.

பெட்டி வந்த அன்று இன்னொரு சிக்கல். எங்கள் அடுக்களையில் இருப்பதெல்லாம் எவர்சில்வர். அலுமினியமும் கொஞ்சம். உலோகத்தை உள்ளே வைக்கக் கூடாது. அலைகள் பட்டுத் திரும்பும், ஓரங்களில் பொறி பறக்கும். மூன்று தலைமுறைப் பாத்திரத்தில் ஒன்றும் உதவாது என்றதும் அம்மா பரண் பக்கம் போனாள். எலுமிச்சை ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடிகளில் ஆகச் சின்னதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது உள்ள போவுமாட்டி?"

அதற்கு ஒரு சோதனை உண்டு. காலி ஜாடியையும் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். தண்ணீர் சுட்டு, ஜாடி சுடாமல் இருந்தால் பயன்படுத்தலாம். கதவைச் சாத்தி, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அம்மா அமுக்கிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். மணி அடித்ததும் கதவைத் திறந்து முதலில் ஜாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடலட்டி" என்றாள்.