மணிக்கட்டு இயன்முறை மருத்துவம்: வேலூரின் பங்களிப்பு

மணிக்கட்டு என்பது முன்கை எலும்புகளையும் உள்ளங்கையையும் இணைக்கும், எட்டுச் சிறு எலும்புகளைக் கொண்ட மூட்டுத் தொகுதி ஆகும். விரல்களை இயக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்தே விரல்களை அடைகின்றன. எனவே மணிக்கட்டு வலித்தால் கை முழுவதும் பிடிப்பை இழக்கிறது. இவ்வலிக்குப் பயிற்சி, வெப்பம், தாங்கு கட்டு ஆகியவற்றால் சிகிச்சை அளிப்பது பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம். தமிழ்நாட்டில் கைக்கான இம்மருத்துவம் வளர்ந்த வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. அங்கு அது வலி உணராத கைகளிலிருந்து தொடங்கியது.

முன்னிலை

மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் எலும்பு வைத்தியம் தென்னிந்தியாவில் பழமையானது. ஆந்திரத்தின் புத்தூர் கட்டை நாடித் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் பலர் செல்கின்றனர். கட்டு, முறிந்த எலும்பை அசையாமல் காக்கிறது. ஆனால் பல வாரங்கள் அசையாத மணிக்கட்டு இறுகிவிடும், தசையும் மெலியும். கட்டைப் பிரித்த பின் கையை மீண்டும் பழக்குவதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

வேலூரில் தொடக்கம்

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, எதிர்பாராத வலிமையான பிடியை உணர்ந்தார். உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கைத் தசைகள் பல நல்ல நிலையில் இருந்தன.

அந்தத் தசைகளின் தசைநாண்களை இடம் மாற்றி விரல்களுடன் இணைக்கும் அறுவையை அவர் மேற்கொண்டார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்றும் பின்னர் இதற்குப் பயன்பட்டது. அறுவை முடிந்ததும் கை தானாக இயங்கிவிடாது. மணிக்கட்டை உயர்த்தி வந்த தசையைக் கொண்டு விரலை அசைக்க மூளை புதிதாகக் கற்க வேண்டும். இதைக் கற்பித்தவர்கள் இயன்முறை மருத்துவர்கள். அவர்கள் அறுவைக்கு முன் இறுகிய மூட்டுகளைத் தளர்த்தினர். அறுவைக்குப் பின் நாள்தோறும் பயிற்சி அளித்தனர். இப்பணி இல்லையெனில் அறுவை வீணாகியிருக்கும்.

வலியற்ற கைகள்

தொழுநோய் உணர்வு நரம்புகளையும் பாதிக்கிறது. சாதாரண நோயாளிக்குப் பயிற்சி அளவு மீறினால் வலி எச்சரிக்கும். இவர்களுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அதனால் மூட்டின் வீக்கத்தையும் சூட்டையும் தொட்டுப் பார்த்தே பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வலி என்பது உடலின் காவலன் என்ற கருத்தைப் பிராண்ட் இந்த அனுபவத்திலிருந்தே உருவாக்கினார். 1993-இல் பிலிப் யான்சியுடன் இணைந்து இதைப் பற்றி நூல் எழுதினார்.

வளர்ச்சி

பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை நிறுவினார். 1966-இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையமும் அங்கு தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துறைகளின் கல்வியையும் பணியையும் ஒழுங்குபடுத்தும் தேசியச் சட்டம் 2021-இல் நிறைவேறியது.

இன்றைய சிகிச்சை

காரைக்கால் மாவட்டத்தின் அம்பகரத்தூர் போன்ற காவிரிக் கடைமடை ஊர்களில் நாற்றுப் பறிப்பு, நடவு, கதிர் அறுப்பு ஆகியவை மணிக்கட்டை ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வளைக்கும் வேலைகள். தைலம் தடவியோ வலி மாத்திரை விழுங்கியோ அதே வேலையைத் தொடர்வது, எச்சரிக்கையை மட்டும் அடக்குவதாகும். இயன்முறை மருத்துவத்தில் முதலில் வலி தரும் அசைவு குறைக்கப்படுகிறது. தேவையானால் சில காலம் தாங்கு கட்டு அணிவிக்கப்படுகிறது. பின்னர் மென்மையான அசைவும், அதன்பின் வலுவூட்டும் பயிற்சியும் படிப்படியாக வருகின்றன. கீழே விழுந்த பின் வீக்கம் இருந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். வேலூரில் கைகளைத் தொட்டுப் பார்த்துத் தேட வேண்டியிருந்த எச்சரிக்கையை, வலி உணரும் மணிக்கட்டு தானே சொல்லிவிடுகிறது.