வெள்ளி விலையும் ஒரு மலை ரயிலும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சான் யுவான் மலைகளில் வெட்டியெடுத்த வெள்ளித் தாது, தொடக்கத்தில் கழுதைகளின் முதுகில்தான் கீழிறங்கியது. அங்கே சுங்கச்சாலைகள் அமைத்துப் பொருளீட்டிய ஓட்டோ மியர்ஸ், ருஷ்யப் பேரரசிலிருந்து சிறுவனாக வந்து சேர்ந்த அநாதை. 1890-91இல் அவர் ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் நீளத்துக்கு மூன்றடி அகல ரயில்பாதை ஒன்றை அமைத்தார். டெல்லுரைடு, ரிக்கோ ஆகிய சுரங்க ஊர்களை இணைத்து, பத்தாயிரம் அடிக்கு மேலுள்ள கணவாயைக் கடந்த அதன் பெயர் ரியோ கிராண்ட் சதர்ன்.

அதை வீழ்த்திய முதல் அடி இந்தியாவிலிருந்து விழுந்தது என்பது வியப்பளிக்கும். 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு, பொதுமக்கள் கொணரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தியது. சில நாட்களிலேயே உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. கொலராடோச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆகஸ்டில் ரயில்பாதை மியர்ஸின் கையை விட்டுப் போயிற்று. நவம்பரில் அமெரிக்க அரசும் வெள்ளி வாங்குவதைக் கைவிட்டது.

ஆயினும் பாதை பிழைத்திருந்தது. நீராவி வண்டி கட்டுப்படியாகாமற்போகவே, 1931 முதல் பழைய மோட்டார் கார்களைத் தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றித் தபாலும் பயணிகளும் ஏற்றினார்கள். ஆடி ஆடிச் சென்ற அவற்றுக்கு 'பாயும் வாத்து' என்று பெயர் நிலைத்தது.

இரண்டாம் உலகப்போரில் வனேடியத் தாதுக்காக அரசே கடன் கொடுத்துப் பாதையைக் காத்தது. அத்தாதுவிலிருந்த யுரேனியம் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போயிற்று. ஊராருக்கு அது சொல்லப்படவில்லை.

1950இல் தபால் ஒப்பந்தம் முடிந்தது. 1952இல் தண்டவாளங்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். தன் வாழ்வையும் சாவையும் எங்கோ இருந்தவர்கள் தீர்மானிக்க, இடைப்பட்ட அறுபதாண்டுகள் அந்த ரயில் மலையூர்களுக்கு உழைத்தது.