எல்லைச் சாலையில் ஒற்றை வண்டிகள்

கான்செப்ட் கார் விற்பனைக்காகச் செய்யப்படுவதன்று. ஒரு நிறுவனம் நாளை எந்தத் திசையில் போகும் என்பதைக் கண்காட்சி மேடையில் காட்ட, ஒன்றே ஒன்றாக உருவாக்கப்படும் வண்டி அது. தொழிற்சாலை முறையில் ஒரு கதவுக்கு டை (தகட்டை அழுத்தி வடிவாக்கும் அச்சு) செய்யவே பெரும்பணமும் பல மாதங்களும் வேண்டும். ஒற்றை வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே களிமண்ணில் முழு அளவு மாதிரி வடித்து, அதிலிருந்து அச்சு எடுத்து, பைபர் கிளாஸில் பாடி செய்து, ஏற்கெனவே ஓடும் ஒரு வண்டியின் சேஸிஸ்மீது பொருத்துவது வழக்கம். பெரும்பகுதி கைவேலை. சிறு பட்டறைகளுக்கு இத்துறையில் இடம் கிடைப்பது அதனால்தான்.

இந்தியாவில் இத்தொழிலை உலகம் கவனிக்கச் செய்தது மும்பையின் டிசி டிசைன். அமெரிக்காவின் பாசடீனாவில் வடிவமைப்புப் படித்த திலீப் சாப்ரியா 1993-இல் தொடங்கியது. பிறர் கார்களின் உள்ளையும் வெளியையும் மாற்றித் தருவதே அதன் அன்றாடத் தொழில். ஆஸ்டன் மார்ட்டின் 2003-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வைத்த வி8 வான்டேஜ் கான்செப்ட் காரைக் கட்டியது இந்தப் பட்டறைதான்.

அந்த நிறுவனத்தின் கைவண்ணம் ஓசூர்ப் பக்கமும் வந்தது. ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் வழியில், அத்திப்பள்ளியில் தமிழக-கர்நாடக எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2001-இல் விற்பனைக்கு வந்து, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடிய ரேவா மின்கார் இந்த வட்டாரத்தில் பிறந்தது. சிக்கனம்தான் அதன் பலம், அழகு அன்று. அந்தக் குறையைப் போக்க, இருவர் அமரும் என்.எக்ஸ்.ஜி. காரின் வடிவமைப்பு சாப்ரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2009-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அது என்.எக்ஸ்.ஆர். என்ற இன்னொரு காரோடு நின்றது. மறு ஆண்டே ரேவா மகிந்திராவின் கைக்கு மாறியது. நால்வர் அமரும் என்.எக்ஸ்.ஆர். வளர்ந்து 2013-இல் இ2ஓ ஆனது, கவர்ச்சியான என்.எக்ஸ்.ஜி. உற்பத்திக்கே வரவில்லை. கண்ணைக் கவர்ந்ததைவிட அன்றாடத் தேவைக்கு நெருங்கியதே தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

எல்லைக்கு இப்பால் இதே மரபு இருசக்கர வண்டியில் வேரூன்றியது. ஓசூரின் டிவிஎஸ் 2016 ஆட்டோ எக்ஸ்போவில் அகுலா 310 என்ற பந்தய பைக்கைக் காட்டியது. அதன் வெளித்தகடுகள் கார்பன் பைபர். பிஎம்டபிள்யூவுடன் சேர்ந்து உருவாக்கிய 312 சிசி என்ஜினோடு, 2017 டிசம்பரில் அதுவே அப்பாச்சி ஆர்ஆர் 310 ஆக விற்பனைக்கு வந்தது. மேடையில் நின்ற தோற்றம் அதிகம் சிதையாமல் ஷோரூம் சேர்ந்தது அரிய வெற்றி. 2023 ஆகஸ்ட் 15 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே உள்ள தன் ஆலையில் ஓலாவும் நான்கு மின்பைக் கான்செப்ட் மாதிரிகளைக் காட்டியது.

கண்காட்சி வண்டிக்குச் சாலைப் பதிவு தேவையில்லை. வடிவமைப்பாளரின் சுதந்திரம் அங்கேதான். பதிவான வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது.

கான்செப்ட் வண்டிகள் கண்காட்சி முடிந்ததும் கிடங்குக்குப் போய்விடுகின்றன. பழைய கார்களுக்கென ஜி.டி. நாயுடு பெயரில் கோவையில் காட்சியகம் இருக்கிறது. ஓசூர்த் தொழில் நிறுவனங்கள் ஒன்றுகூடி, இங்கே உருவான ஒற்றை வண்டிகளுக்கும் அப்படி ஓர் இடம் அமைக்க வேண்டும்.