ஹாட் ஃபஸ்

ஹாட் ஃபஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரைச் சேர்ந்த த கில்லர்ஸ் என்னும் ராக் இசைக்குழுவின் முதலாவது இசைத்தொகுப்பு ஆகும். இது 2004 ஜூன் மாதத்தில் ஐக்கிய இராச்சியத்தில் லிசார்ட் கிங் நிறுவனத்தாலும், அமெரிக்காவில் ஐலண்ட் நிறுவனத்தாலும் வெளியிடப்பட்டது. 1980களின் சிந்த்-பாப் இசையையும் கித்தார் இசையையும் இணைத்த தொகுப்பாக இது அறியப்படுகிறது.

பின்னணி

பாடகரும் சிந்தசைசர் கலைஞருமான பிராண்டன் பிளவர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம்பெயர மறுத்ததால் தமது முந்தைய குழுவிலிருந்து விலக்கப்பட்டார். 2001இல் கித்தார் கலைஞர் டேவ் கியூனிங் உள்ளூர் இதழ் ஒன்றில் கொடுத்திருந்த விளம்பரத்தைக் கண்டு அவருடன் இணைந்தார். பின்னர் மார்க் ஸ்டோர்மர் (பேஸ் கித்தார்), ரானி வனூச்சி (டிரம்ஸ்) ஆகியோர் சேர்ந்தனர். நியூ ஆர்டர் குழுவினரின் 'கிரிஸ்டல்' பாடல் நிகழ்படத்தில் (2001) தோன்றும் கற்பனைக் குழுவின் பெயரே இக்குழுவிற்குச் சூட்டப்பட்டது.

த ஸ்ட்ரோக்ஸ் குழுவின் முதல் தொகுப்பைக் கேட்டபின், தாங்கள் அதுவரை எழுதியவற்றுள் 'மிஸ்டர் பிரைட்சைட்' தவிர ஏனையவற்றைக் கைவிட்டதாகப் பிளவர்ஸ் கூறியுள்ளார். இக்குழுவை முதலில் ஒப்பந்தம் செய்தது அமெரிக்கப் பெருநிறுவனம் எதுவும் அன்று. லண்டனைச் சேர்ந்த சிறு நிறுவனமான லிசார்ட் கிங் ஆகும்.

இசையும் பதிவும்

தொகுப்பை ஜெஃப் சால்ட்ஸ்மனும் குழுவினரும் இணைந்து தயாரித்தனர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாதிரிப் பதிவுகளாகத் தொடங்கிய பல பாடல்கள், மீண்டும் பாடப்படாமல் அப்படியே தொகுப்பில் இடம்பெற்றன. 'மிஸ்டர் பிரைட்சைட்' பாடலின் இரண்டாவது சரணம் முதலாவதைப் போன்றே இருப்பதற்கு, வேறு வரிகள் அப்போது எழுதப்படாமையே காரணமாகும்.

சிந்த்-பாப் இசையில் மின்னணு விசைப்பலகைகளே முதன்மை பெறும். கித்தார் பின்தங்கும் அல்லது இராது. இத்தொகுப்பிலோ இரண்டும் சம இடம் பெறுகின்றன. நியூ ஆர்டர், டெப்பெஷ் மோட், த ஸ்மித்ஸ் ஆகிய இங்கிலாந்துக் குழுக்களின் தாக்கம் இதில் காணப்படுகிறது. 'ஆல் தீஸ் திங்ஸ் தட் ஐ'வ் டன்' பாடலில் த ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுவினர் இணைந்து பாடியுள்ளனர்.

பாடல்கள்

தொகுப்பில் 11 பாடல்கள் உள்ளன. எட்டாவது பாடல் இரு நாட்டுப் பதிப்புகளிலும் வேறுபடுகிறது: அமெரிக்காவில் 'சேஞ்ச் யுவர் மைண்ட்', ஐக்கிய இராச்சியத்தில் 'கிளாமரஸ் இண்டி ராக் அண்ட் ரோல்'. தனிப்பாடல்களாக வெளியானவை:

* மிஸ்டர் பிரைட்சைட்
* சம்படி டோல்ட் மீ
* ஆல் தீஸ் திங்ஸ் தட் ஐ'வ் டன்
* ஸ்மைல் லைக் யூ மீன் இட்

வரவேற்பு

இத்தொகுப்பு ஐக்கிய இராச்சியத்தில் 2005 ஜனவரியில், அதாவது வெளியாகி ஏறத்தாழ ஏழு மாதங்களின் பின்னரே முதலிடத்தை அடைந்தது. அமெரிக்காவில் 7ஆம் இடம் வரை சென்றது. 2005ஆம் ஆண்டின் கிராமி விருதுகளில் சிறந்த ராக் தொகுப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

2003இல் சிறு எண்ணிக்கையில் வெளியானபோது தரவரிசையில் இடம்பெறாத 'மிஸ்டர் பிரைட்சைட்', 2004இல் மறுவெளியீட்டின்போது ஐக்கிய இராச்சியத்தில் 10ஆம் இடத்தைப் பெற்றது. அதற்கு மேல் அது உயரவில்லை. எனினும் பல ஆண்டுகளாகத் தரவரிசையில் மீண்டும் மீண்டும் இடம்பெற்று, அந்நாட்டில் முதலிடத்தை அடையாத பாடல்களுள் மிகப் பெரிய வெற்றி பெற்றதாக 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது.