குளிர்சாதனப் பழுதுநீக்குநர்

குளிர்சாதனப் பழுதுநீக்குநர் என்பவர் குளிர்சாதனப் பெட்டி, ஏசி எனப்படும் காற்றுப்பதனி, கீசர் எனப்படும் நீர்சூடாக்கி முதலிய வீட்டுச் சாதனங்களை நிறுவி, பராமரித்து, பழுதுநீக்கித் தரும் தொழில்நுட்பப் பணியாளர் ஆவார். பேச்சு வழக்கில் இவர் ஏசி மெக்கானிக் என்றோ பிரிட்ஜ் மெக்கானிக் என்றோ அழைக்கப்படுகிறார். உற்பத்தி நிறுவனங்களின் சேவை மையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்திலுள்ள அனுமந்தன்பட்டி போன்ற பேரூராட்சிகளில் வாழ்வோர், உத்தரவாதக் காலம் முடிந்தபின் அருகிலுள்ள ஊர்களின் தனி மெக்கானிக்குகளையே பொதுவாக நாடுகின்றனர். எனவே வருபவரின் தகுதியை மதிப்பிடும் பொறுப்பு வீட்டாரையே சேர்கிறது.

பயிற்சி

தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) குளிர்பதனம் மற்றும் காற்றுப்பதனத் தொழிற்பிரிவு இரண்டாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் இத்தொழிலில் உள்ள பலர் கடைகளில் உதவியாளராகச் சேர்ந்து கைப்பழக்கத்தால் கற்றவர்களே. இந்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு இலட்சம் பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்குவதை இலக்காகக் கொண்டது. சான்றிதழ் இல்லாதவர் திறமையற்றவர் எனக் கொள்ளலாகாது. ஆனால் குளிர்பதன வாயுக்கள் மாறிவரும் நிலையில் பழைய கைப்பழக்கம் மட்டும் போதாது.

குளிர்பதன வாயு

"கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்பதே வீட்டார் மிகுதியாகக் கேட்கும் கூற்று. சமையல் எரிவாயு உருளையோடு ஒப்பிடுவதால் எழும் மயக்கம் இது. குளிர்சாதனத்தின் வாயு எரிந்து தீர்வதில்லை. அமுக்கி (கம்ப்ரசர்), சுருள்கள், நுண்குழாய் ஆகியவற்றின் ஊடாக மூடிய சுற்றில் மீண்டும் மீண்டும் சுழல்கிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வாயு நிரப்பினால் அதே பழுது திரும்பவும் தோன்றும்.

முறையான பணியில் முதலில் கசிவிடம் கண்டறியப்பட்டுப் பற்றவைக்கப்படுகிறது. பின்னர் நைட்ரசன் அழுத்தத்தால் சோதித்து, வெற்றிட எக்கியால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, பெயர்ப்பலகையில் குறித்த அளவு வாயு எடைபோட்டு நிரப்பப்படுகிறது. வெற்றிடமாக்கும் படியைத் தவிர்த்தால், எஞ்சிய ஈரம் நுண்குழாயில் உறைந்து அடைப்பை உண்டாக்கும். அழுத்தச் சோதனைக்கு ஆக்சிசனைப் பயன்படுத்துவது மிகவும் ஆபத்தானது. அமுக்கியின் எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கக்கூடும்.

வாயுவின் வகையும் முக்கியமானது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த ஆர்-12, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியால் நெறிமுறைப்படி கைவிடப்பட்டது. இந்தியா 1992இல் அந்நெறிமுறையில் இணைந்தது. காற்றுப்பதனிகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஆர்-22இன் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன்-டை-ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 1,800 மடங்கு; புதியவற்றில் பரவலாக உள்ள ஆர்-32க்கு இது ஏறத்தாழ 675 மடங்கு. ஆயினும் ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது. இன்றைய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்) எளிதில் தீப்பற்றும். சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனின் நெருங்கிய உறவு அது. அளவு பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவே எனினும், வாயுவை முழுதும் அகற்றாமல் குழாயருகே தீச்சுடரைக் கொண்டுசெல்வது விபத்துக்கு வழிவகுக்கும். அமுக்கியின் மீது தீச்சுடர் குறி ஒட்டப்பட்டிருந்தால் கதவு, சன்னல்களைத் திறந்து வைத்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். ஒரு வாயுவுக்கு மாற்றாக வேறொன்றை நிரப்பலாகாது. அமுக்கியின் எண்ணெயும் அழுத்தமும் வாயுவுக்கு ஏற்றபடி அமைந்தவை.

நீர்சூடாக்கி

நீர்சூடாக்கியில் உப்புப்படிவு, சூடாக்கும் கம்பிச்சுருளின் பழுது, வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் பழுது ஆகியன வழக்கமானவை. கடின நீருள்ள ஊர்களில் படிவு விரைவில் சேரும். நில இணைப்பு, அழுத்த விடுவிப்புத் தடுக்கிதழ் ஆகிய இரண்டையும் சரிபார்க்காத பழுதுநீக்கம் அரைகுறையானதே.

அமர்த்துதலும் சட்டமும்

சாதனத்தைத் திறக்கும் முன்பே பார்வைக் கட்டணத்தைக் கேட்டறிவது நலம். மாற்றிய பழைய உதிரிப்பாகத்தைத் திரும்பப் பெறலாம். வாயுவின் வகை, நிரப்பிய எடை, வேலைக்கான உத்தரவாதக் காலம் ஆகியவை எழுதப்பட்ட பற்றுச்சீட்டு, பின்னர் தகராறு எழுந்தால் சான்றாகும்.

கட்டணம் பெற்றுச் செய்யும் பழுதுநீக்கம் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவையாகும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. ஆகவே நிறுவனத்தின் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் அனுமந்தன்பட்டியில் வசிப்பவர் தேனியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருப்பின் வழக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.